இரண்டாம் வீரர்

சோதனை அறையில் அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள். திரையின் மேல்மூலையிலோ 'வீரர்கள்: 2' என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க ஒட்டிய கறுப்புப் பஞ்சு, மூலையில் சுருட்டிப் போட்ட வயர்கள், நேற்று அவளே மறந்துவிட்டுப் போன டீ டம்ளர். மணி காலை பத்துதான். ஆனால் ஜன்னல் இல்லாத அந்த அறையில் எப்போதும் ஒரே இருட்டு. திரை வெளிச்சத்தை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது. சூடேறின பிளாஸ்டிக்கின் வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். இரண்டுதான்.

அவளுக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. வந்தது ஒரு சின்ன சந்தோஷம். இயந்திரம் தப்புச் செய்தால் சந்தோஷப்படுகிற ஆட்கள் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம் பேர். அவள் அதில் ஒருத்தி. மால்களிலும் தியேட்டர் வாசல்களிலும் வைக்கிற துப்பாக்கி விளையாட்டு இயந்திரங்களைச் செய்யும் சின்னக் கம்பெனி அது. விற்கிறதற்கு முன்னால் நாள் முழுக்க விளையாடிப் பார்த்து, எங்கே அசையாமல் நின்றுவிடுகிறது, எங்கே தப்பாக எண்ணுகிறது என்று கண்டுபிடித்து எழுதுவது அவள் வேலை. 'விளையாடறதுக்கா சம்பளம் தராங்க' என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியைத் தினம் ஏழு மணி நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால் அவர்களுக்குத் தெரியும். ஆபீசில் அவளுக்குப் பேர் 'பூச்சி'. புரோகிராமில் ஒளிந்திருக்கிற தப்பையெல்லாம் அரிசியில் வண்டு பொறுக்குகிற மாதிரிப் பொறுக்குவதால் வந்த பேர்.

இந்தப் புது விளையாட்டில் சுற்றி வளைப்பதெல்லாம் கிடையாது. நீளமான ஒரு நடைபாதை. அதன் கோடியில் இருட்டு. இருட்டிலிருந்து உருவங்கள் அலை அலையாக வரும், சுட வேண்டும். ஒரு அலையின் கடைசி உருவம் விழுந்தால்தான் அடுத்த அலை. அது முடிந்தால் அதற்கடுத்தது. ஜெயிப்பது என்பதே கிடையாது, எத்தனை அலை தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. எதிரே தரையில் ஒரு மஞ்சள் வட்டம் வரைந்திருக்கும். அதற்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று திரைக்கு மேலே இருக்கும் கேமரா எண்ணும். இரண்டு பேர் என்றால் திரை இரண்டாகப் பிரியும், வருகிற உருவங்களும் இரட்டிப்பாகும். யாராவது வட்டத்தை விட்டுப் போனால் அவருடைய பாதியில் பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பிக்கும். பூஜ்யம் வருவதற்குள் திரும்பாவிட்டால் அவர் ஆட்டத்தில் இல்லை.

இப்போது திரை இரண்டாகப் பிரிந்து, வலது பாதி யாரோ ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவள் குரல் கொடுத்ததும் புரோகிராமர் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவதில் கெட்டிக்காரன். தலைமுடியில் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது. கேமராவுக்கு என்ன தெரிகிறது என்று காட்டும் சின்னச் சதுரத்தைத் திரையின் ஓரத்தில் திறந்தான். கேமரா ஆள் என்று நினைக்கிற எதைச் சுற்றியும் ஒரு பச்சைக் கட்டம் விழும். ஒரு கட்டம் அவள் முகத்தில் இருந்தது. இன்னொன்று, எலுமிச்சம்பழம் அளவுக்கு, அவள் சட்டையின் கடைசிப் பொத்தானுக்குக் கீழே, அடிவயிற்றில்.

"சட்டை மடிப்புக்கா. அதை மூஞ்சின்னு நினைச்சுக்குது," என்றான்.

தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தான். அவள் கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு நின்றாள். கட்டம் அதே இடத்தில் இருந்தது. ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அவன் நின்றான். 'வீரர்கள்: 1.' அவள் நின்றாள். 'வீரர்கள்: 2.' நாலு தரம் மாற்றி மாற்றி நின்று பார்த்தார்கள்.

"கூட யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு அவன் போனான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு நாள் தள்ளிப்போயிருந்தது. அதை அவள் எண்ணவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எண்ணாமல் எப்படிப் பதினொன்று என்று தெரியும்? கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. இரண்டாவது தடவைக்கு அப்புறம் அவள் கணவன் படுக்கையறையில் மாட்டியிருந்த காலண்டரை ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டான். அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் தேதியைப் பற்றிப் பேசுவதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடைக்குப் போய்ப் பரிசோதனை அட்டை வாங்கிவந்து, ஆபீஸ் கழிவறையிலேயே பார்த்தாள். இரண்டு கோடு. வாஷ்பேசின் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வெளியூரில் இயந்திரம் பொருத்தப் போயிருந்த கணவனுக்குப் போன் போட்டாள். அதே கம்பெனியில்தான் அவனுக்கும் வேலை, பெட்டியும் வயரும் அவன் பொறுப்பு, புரோகிராமும் திரையும் மற்றவர்கள் பாடு. விஷயத்தைச் சொன்னாள். சாப்பிட்டியா என்று கேட்டான். வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்றான்.

மூன்று மணி இருக்கும், துப்பாக்கியும் கையுமாக நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இயந்திரத்துக்கு எப்படித் தெரிந்தது?

தற்செயல் என்று தள்ளிவிட்டாள். வெள்ளைப் பலகையின் தப்புப் பட்டியலில் காலையில் அவள் கையாலேயே எழுதியது இருந்தது: '214. ஆள் இல்லாமலே இரண்டாம் வீரர். கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.' அதைப் படிக்க ஏனோ பிடிக்கவில்லை.

ஆறு மணிக்கு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கியை வைத்துவிட்டு வட்டத்திலிருந்து வெளியே வந்தாள். அவள் பாதியில் எண்ண ஆரம்பித்தது. வலது பாதியிலும் எண்ண ஆரம்பித்தது. பத்து. ஒன்பது. எட்டு. அவள் உள்ளே கால் வைத்தாள், இரண்டும் நின்றன. வெளியே வந்தாள், இரண்டும் ஓடின. அடிவயிற்றில் எதையோ சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் எட்டு வருஷப் பழக்கம். ஒரு தப்பை மூன்று தடவை பார்க்காமல் எழுதக் கூடாது, கடைசி வரை ஓடவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்காமல் விடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தரும் பாடம் அது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. மூன்றாவது தடவை இடது காலை மட்டும் கோட்டின் மேல் வைத்துத் தன் எண்ணிக்கையை நிறுத்தினாள், உடம்பைப் பின்னால் சாய்த்து வலது பாதியை ஓடவிட்டாள். மூன்று, இரண்டு, ஒன்று.

'இரண்டாம் வீரர் வெளியேறினார்.'

நடைபாதையில் வந்துகொண்டிருந்த உருவங்கள் எல்லாம் நின்றன. வலது ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது. ஈரமான எதையோ தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகிற சத்தம். விளையாட்டில் இருக்கிற முந்நூற்றுப் பத்துச் சத்தங்களும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இது அதில் இல்லை.

வீட்டுக்குப் போய் உடை மாற்றும்போது பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு, சிவப்பாக.

மறுநாள் டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். இது நிறையப் பேருக்கு வருவதுதான், இப்போது ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்து வாருங்கள், அதுவரை படுத்தே இருங்கள் என்றார். படுத்தே இருந்தாள். புதன்கிழமை முழுக்க ரத்தம் படுவது நிற்கவில்லை. மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் இன்னும் கொஞ்சம். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவளுக்குக் கண்ணை மூடினால் பூஜ்யம் தெரிந்தது. நான்தான் ஓடவிட்டேன், என் கையால்தான் செய்தேன் என்ற நினைப்பு நெஞ்சைக் கவ்விக்கொண்டு விடவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. மிச்சமிருக்கிற வீரர், உடம்பில் ஒரு கீறல்கூடப் படாமல் ஒரு முழு அலையை முடித்துவிட்டால், வெளியேறிய கூட்டாளி திரும்பி வருவார். அந்த விதி வேலை செய்கிறதா என்று நாற்பது தடவை பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் சோதனை அறையில் இருந்தாள். 'வீரர்கள்: 1' என்றது திரை. கேமராச் சதுரத்தில் அவள் முகத்தைத் தவிர எங்கும் பச்சைக் கட்டம் இல்லை. வயிற்றில் நேற்றிலிருந்து ஒரு முடிச்சு இறுகிக்கொண்டே இருந்தது.

துப்பாக்கியை எடுத்தாள். முதல் முயற்சியில் கடைசி உருவத்தின் கை அவளைத் தொட்டுவிட்டது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல், ஒவ்வொன்றாக. கடைசி உருவம் விழுந்தது. நடைபாதை காலி. ஸ்பீக்கரில் மறுபடி அந்த ஈரச் சத்தம், இந்தத் தடவை தூரத்திலிருந்து கிட்டத்தில் வந்தது.

'இரண்டாம் வீரர் மீட்கப்பட்டார். வீரர்கள்: 2.'

பச்சைக் கட்டம் அவள் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. முடிச்சு அவிழ்ந்தது. நிஜமாகவே அவிழ்ந்தது, யாரோ விரலால் பிரித்துவிட்ட மாதிரி. அவள் அழுதாள், அழுதுகொண்டே சுட்டாள், ஏனென்றால் அடுத்த அலை அதற்குள் வந்துவிட்டது.

பதினோரு மணிக்குப் புரோகிராமர் கதவைத் திறந்து தலையை நீட்டினான். அவன் முகத்தில் சாதித்துவிட்ட களை. 214-ஐச் சரிசெய்தாயிற்று என்றான்.

"ரொம்பச் சின்னதா இருந்தா அதை ஆளாவே எண்ணாதபடி மாத்திட்டேன்கா. ஒரு நிமிஷம் அணைச்சீங்கன்னா ஏத்திடுவேன்."

"தொடாதே."

"நாளைக்குக் காலையில மெஷினை ஏத்திட்டுப் போக லாரி வருதுக்கா. அதுக்குள்ள..."

"தொடாதேன்னு சொல்றேன்ல."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. பலகையில் இருக்கும் அந்த வரியை அழித்துவிடச் சொன்னாள். அழித்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்டான், அவள் அடுத்த உருவத்தைச் சுட்டாள், அவன் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அவன் முதலாளியிடம் போய்ச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். முதலாளி வெளிநாட்டுக்காரர்களோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார், சாயங்காலம் வரை அசைய மாட்டார் என்பதும் தெரியும். ஆனால் நாளைக்கு லாரி வரும். இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. அதை நினைத்ததும் கை ஒரு கணம் தடுமாறியது, ஒரு உருவம் கிட்டத்தில் வந்துவிட்டது. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அறுபதாவது அலை. தொண்ணூறாவது. துப்பாக்கியின் பிடி வியர்வையில் வழுக்கிற்று. சுட்ட பிளாஸ்டிக் வாடையோடு இன்னொரு வாடையும் சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த தண்ணீரின் வாடை, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பஞ்சு ஒட்டிய சுவர்கள் சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடுவதால் ஒவ்வொரு குண்டுக்கும் அப்புறம் காதடைத்த மாதிரி ஒரு அமைதி, அந்த அமைதிக்குள் உருவங்களின் காலடி, இழுக்கிற கால், ஓடுகிற கால், சுவரில் ஊர்கிற கை. தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு கையால் சுட்டுக்கொண்டே மறுகையால் நாலு பிஸ்கட் தின்றாள். கழிவறைக்குப் போகவில்லை. எப்படிச் சமாளித்தாள் என்பதை யாரிடமும் சொல்ல முடியாது.

நூற்றைம்பதாவது அலையில்தான் கவனித்தாள். உருவங்கள் அவளைப் பார்க்கவில்லை.

முதலில் பாதிப் பாதியாகப் பிரிந்து வந்துகொண்டிருந்தவை, இப்போது எல்லாமே இருட்டிலிருந்து வெளியே வந்த உடனே வலது பக்கம் திரும்பின. அவள் பாதி காலியாகக் கிடந்தது. வலது பாதியில் கும்பல். இரண்டாம் வீரரின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு அங்கே கீழ்மூலையில் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதை நோக்கித்தான் அத்தனையும் கையை நீட்டிக்கொண்டு போயின. அவள் உடம்பைத் திருப்பி, குறுக்கே சுட வேண்டியிருந்தது. புரோகிராமில் அப்படி எழுதியிருக்க முடியாது. யார் கிட்டத்தில் இருக்கிறார்களோ அவர்களைத்தான் உருவங்கள் தேடும். அந்த உருவங்களுக்கு அவளைவிட அவள் வயிற்றில் இருப்பதுதான் கிட்டத்தில் இருந்தது போல.

ஒரு கை சிவப்புக் கோட்டைத் தொட்டது. கோடு குறைந்தது. அவள் இடுப்புக்குள் சுரீர் என்றது.

இருநூறு.

தோள் எரிந்தது. எரிந்து, மரத்துப்போய், மறுபடி எரிந்தது. துப்பாக்கி முனை நடுங்கியது. ஆட்காட்டி விரலில் தோல் வழன்று, விசை பிசுபிசுத்தது. நின்றுகொண்டே ஒரு நொடி தூங்கினாள். விழித்தபோது கோடு பாதியாகியிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று வயிற்றிடம் சொன்னாள். "அப்பா வந்துடுவாங்க."

இருநூற்று எழுபது. கால் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது. கண்ணில் வியர்வை. துடைக்க நேரமில்லை. ஒன்று. இன்னொன்று. மூன்று சேர்ந்தாற்போல.

கதவு திறந்தது. வெளித் தாழ்வாரத்து வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்தது. தோள்பையோடு கணவன் நின்றான். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தான். சட்டையில் டீசல் வாடை.

கீழே புரோகிராமர் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவன் கத்தவில்லை. அவளைச் சுற்றி வந்து முகத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்தபடியே, குரல் உடைய உடைய, செவ்வாய்க்கிழமையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். பூஜ்யத்தைச் சொன்னாள். ரத்தத்தைச் சொன்னாள். மீட்டதைச் சொன்னாள். தன் காதுக்கே அது பைத்தியம் பேசுகிற பேச்சாகத்தான் கேட்டது.

"அணைச்சிடாதீங்க," என்றாள். "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அணைச்சிடாதீங்க."

அவன் கை சுவிட்ச் பக்கம் பாதி தூரம் போயிருந்தது. திரும்பி வந்தது. அவன் நம்பினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் விரலில் ரத்தத்தை அவன் பார்த்தான், அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தான். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு கூட்டி வந்தவன் அவன்தான்.

"சரி. அணைக்கல," என்றான்.

வெளியே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வட்டத்துக்குள் போட்டான். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு முழுக்கக் கரைகிற மாதிரி ஒரு சுகம் பரவியது, அதுதான் ஆபத்தாகவும் போனது. துப்பாக்கி மடியில் இறங்கியது. வலது பாதியில் உருவங்கள் மொய்த்தன. தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை. சிவப்புக் கோடு ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. வயிறு முறுக்கியது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நீ விடு. நான் பாத்துக்கறேன்," என்றான் கணவன்.

அவன் குறி ஆபீசிலேயே பிரசித்தம். அவன் சுட்டால் ஒரு குண்டு வீணாகாது. இந்தத் துப்பாக்கியைத்தான் கேட்கிறான் என்று நினைத்து அவள் தன்னுடையதை நீட்டினாள். கண்ணில் வியர்வை இறங்கியது, இமையை மூடினாள். எதிரே ஒரு கிளிக் கேட்டது.

பெட்டியின் வலது பக்கத்து உறையிலிருந்து அவன் இரண்டாவது துப்பாக்கியை உருவியிருந்தான்.

மால்களில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தாமல் யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டாவது துப்பாக்கியை யார் எடுக்கிறார்களோ அவர்தான் இரண்டாம் வீரர். முன்பு நின்றவர் அந்த நிமிஷமே விலகிவிடுவார். உறைக்குள் அந்தச் சின்ன விசையைத் திருகாணி போட்டுப் பொருத்தியவனே அவன்தான். அவள் துப்பாக்கியை வாங்கினால் அவள் கை சும்மா இருக்கும், இரண்டு பேருமாகச் சுடலாமே என்று நினைத்திருப்பான். அவ்வளவுதான் நினைத்திருப்பான்.

சுட்டான். வரிசையாகச் சுட்டான். கும்பல் முழுக்க விழுந்தது.

'இரண்டாம் வீரர் மாற்றப்பட்டார். வருக.'

கேமராச் சதுரத்தில் பச்சைக் கட்டம் அவள் வயிற்றை விட்டு எழும்பியது. சதுரத்தின் குறுக்கே போனது. அவன் முகத்தில் உட்கார்ந்தது.

வலது ஸ்பீக்கரில் அந்தச் சத்தம். ஈரமாக. தரையோடு. தூரமாக.

அவள் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தொடைக்கு உள்பக்கம் வெதுவெதுப்பாக எதுவோ இறங்கியது. குனிந்து பார்க்கவில்லை.

"பாத்தியா, எல்லாம் முடிஞ்சிடுச்சு," என்றான் அவன்.

நடைபாதை காலியாக இருந்தது. காலடிகள் இல்லை. இசை இல்லை. திரையில் ஒரு வரி எழுந்தது.

'அலை 312. மீதம்: 1.'

ஒரு அலையில் ஒரே ஒரு உருவம் வருவது என்பது விளையாட்டிலேயே கிடையாது.

தப்.

செருப்பில்லாத கால். சின்னது.

தப். தப். நின்றது. தப்.

இருட்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அது வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டு எட்டு வைத்தது, தொப்பென்று உட்கார்ந்தது, சுவரைப் பிடித்து எழுந்தது. மறுபடி இரண்டு எட்டு.

"இது எப்போ சேத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே கணவன் துப்பாக்கியை உயர்த்தினான். அதன் சிவப்புப் புள்ளி அந்த உருவத்தின் மார்பில் போய் நின்றது.

"சுடாதீங்க."

அவள் சொன்ன விதத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் காலடியில் வட்டத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான்.

உருவம் அவள் பாதியைக் கடந்தது. அவளிடம் நிற்கவில்லை. அவன் பாதிக்குள் போயிற்று. கிட்டே வந்தது. இன்னும் கிட்டே.

கடைசி உருவம் விழாமல் அலை முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். வட்டத்தை விட்டுப் போனால் எண்ண ஆரம்பிக்கும். அதுவும் தெரியும். அவன் துப்பாக்கியை இறக்கவில்லை, சுடவும் இல்லை. சிவப்புப் புள்ளி மட்டும் அந்தச் சின்ன மார்பின் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அது திரையின் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. கண்ணும் மூக்கும் இன்னும் வந்திராத முகத்தை நிமிர்த்தி, தூக்கிக்கொள்ளச் சொல்லி, அவனைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தியது.